அங்கியின் ஓரம்

1957 அக்டோபர் 14, திங்கள்

அங்கியின் ஓரத்தில் ஒரு கறை. புளியங்கொட்டை அளவு. பழுப்பு நிறம்.

சனிக்கிழமை துவைத்தபோது இல்லை. நீலம் போட்டு, கஞ்சியில் முக்கி, வெயிலில் உலர்த்தி, சாயங்காலம் எடுத்து உள்வீட்டுக் கொடியில் போட்டபோதும் இல்லை. ஓரம் ஓரமாகப் பார்த்துத்தான் போட்டேன். இன்று மடிக்க எடுத்தேன். இருக்கிறது. அங்கியைக் கீழே விடப் பார்த்தேன்.

இது சேசுநாதருடைய அங்கி. கிறிஸ்துராசா திருநாளில் எங்கள் ஊர்க் கோயில் சுரூபத்துக்கு உடுத்துகிற வெள்ளை அங்கி. திருநாள் 27-ஆம் தேதி. கோயில் துணி துவைப்பது எங்கள் வீட்டு வேலை. பீடத்துணி, சாமியாருடைய உடுப்பு, சுரூபங்களின் உடுப்பு எல்லாம். அம்மா வாழ வந்த நாள் முதல் அம்மாதான் துவைத்தாள். போன வருஷம் ஆடியிலிருந்து நான்.

ஏன் நான் என்று இந்த நோட்டில்கூட எழுதியதில்லை. எட்டாம் வகுப்புப் பூகோள நோட்டு இது. பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டதால் மீதிப் பக்கம் எனக்கு மிச்சம். வாயில் வராதது எனக்குக் கையில் வரும். இதுதான் கையிலும் வரவில்லை. இன்று எழுதுகிறேன்.

அம்மாவுக்குத் தூரம் நிற்கவில்லை. பதினைந்து மாதமாக இரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது. சில நாள் கொஞ்சம். சில நாள் குடம் சாய்ந்த மாதிரி. எனக்கு மட்டும்தான் தெரியும். அப்பா களத்துக் கொட்டகையில் படுப்பவர். அவருக்குச் சோகை என்று சொல்லிவைத்திருக்கிறோம்.

எங்கள் ஊரில் தூரமான பெண்கள் கோயிலுக்குள் போவதில்லை. சாமியார் போட்ட சட்டமில்லை, எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. ஆனால் போவதில்லை. அதனால் அம்மா பதினைந்து மாதமாகக் கோயில் படி மிதிக்கவில்லை. வருஷத்தில் ஒருதரம் கட்டாயமான பாஸ்குத் திருநாள் நன்மை அப்பத்தைக்கூட வாங்கவில்லை. கோயில் துணியைத் தொடுவதும் இல்லை.

வீட்டில் இரண்டு பானை. முன்வாசலில் கோயில் துணிக்கு ஒன்று. தொழுவத்துக்குப் பின்னால் அம்மாவின் துணிக்கு ஒன்று. இரண்டும் என் கை. ஒன்றை முடித்து, சீயக்காய் போட்டுக் கை தேய்த்து, பிறகுதான் அடுத்தது. அப்படியும் எங்கோ பிசகியிருக்கிறேன்.

நான்தான். வேறு யார்?

அக்டோபர் 15

எலுமிச்சம்பழமும் உப்பும் வைத்துத் தேய்த்தேன். பழுப்பு மங்கி மஞ்சளானது. போகவில்லை.

அக்டோபர் 16, புதன்

அம்மாவின் துணியை எடுத்துக்கொண்டு ஊரணிக்குக் கீழே மடைப்பக்கம் போனேன். யாரும் வராத நேரம் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு மூக்காயி அக்கா புல்லுக்கட்டோடு வந்து கரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஏ அருளாயி, ஒங்க வீட்டுல மட்டும் என்னடி தெனமும் துணி? புள்ள பெத்த வீடு மாதிரி."

நான் குனிந்துகொண்டேன்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. இந்த மடைத்தண்ணி எங்க கொல்லைக்குத்தானே வருது. எத்தன மாசமா இருக்கு ஒங்கம்மாளுக்கு?"

யாருக்கும் தெரியாது என்று பதினைந்து மாதம் நினைத்திருந்தேனே.

"அதான் கோயிலுக்குப் போகலையாக்கும்?"

"தீட்டு" என்று வாயில் வந்துவிட்டது.

மூக்காயி அக்கா சிரித்தாள். "தீட்டு எங்க சாமிக்குல்ல? அது கெடா கேக்குற சாமி, கோவக்கார சாமி, ஒதுங்கித்தான் நிக்கணும். ஒங்க சாமிக்குமா? போன திருநாள்ல ஒங்க உபதேசியாரு ரேடியோக் குழாயில கத்துனாரே, குஷ்டம் புடிச்சவனையெல்லாம் தொட்டாரு தொட்டாருன்னு. எங்க வீட்டு எருமைகூட மெரண்டுச்சு. அதெல்லாம் சும்மாவா?"

புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு அது விளையாட்டுப் பேச்சு. எனக்குத் துணி பிழியக் கை வரவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

எழுதலாமா கூடாதா. எழுதாமல் இருந்தால் நெஞ்சு வெடித்துவிடும்போல இருக்கிறது.

மத்தியானம் அம்மா கேட்டாள், "அங்கிய மடிச்சிட்டியா? ஓரமெல்லாம் பாத்தியா?"

ஓரம் என்று ஏன் கேட்கவேண்டும்? நிமிர்ந்து பார்த்தேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் நம்பவில்லை.

"அம்மா, நீயா?"

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க ரெண்டு பேரும் ஞாயித்துக்கெழம பூசைக்குப் போயிருந்தீங்க. மணி அடிக்கிற சத்தம் கேட்டுச்சு. அங்கி தலைக்கு மேல கொடியில தொங்குது. வருசா வருசம் பூசையில வாசிப்பாங்களே, பன்னெண்டு வருசம் பெரும்பாடு பட்டவ. அவரு உடுப்பு ஓரத்தத் தொட்டாப் போதும்னு நெனச்சவ. எனக்கும் அதான் தோணுச்சு. நான் கோயிலுக்குப் போக முடியாது. அவரு உடுப்புத்தான் என் வீட்டுக்கு வந்திருக்கே."

தொட்டிருக்கிறாள். தொட்டதோடு விடவில்லை. எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு படுத்திருக்கிறாள். கண் அசந்துவிட்டது. எழுந்து பார்த்தால் கறை.

கோயில் துணியை ஒரு விரலால் தொடமாட்டாள் என்று நினைத்த என் அம்மா. கடைசியில் ஒன்றுதான் கேட்டேன்.

"நின்னுச்சாம்மா?"

"அன்னிக்கு ஒருநா நின்ன மாதிரி இருந்துச்சு."

தன் செபமாலையை என் கையில் கொடுத்துச் சத்தியம் வாங்கினாள். அப்பாவிடமோ அத்தையிடமோ எவரிடமோ வாய் திறக்கக்கூடாது என்று. அவள் கை அவ்வளவு குளிர்ச்சி. நகமெல்லாம் சுண்ணாம்புபோல வெள்ளை.

சத்தியம் செய்துவிட்டேன்.

அக்டோபர் 19, சனி

ஞானோபதேசப் பரீட்சையில் முதலாவதாக வந்ததற்கு மடத்துக் கன்னியர் கொடுத்த சுவிசேஷப் புத்தகம் பெட்டியில் கிடந்தது. ஒருநாளும் பிரித்ததில்லை. கோயிலில்தான் வாசிக்கிறார்களே என்று இருந்துவிட்டேன். இன்று எடுத்தேன். மூக்காயி அக்கா சொன்னது உண்மையா என்று பார்க்க.

உண்மை. மத்தேயு எழுதியிருக்கிறார். குஷ்டரோகி வந்து காலில் விழுகிறான். அவர் கையை நீட்டித் தொடுகிறார். அதற்குப் பிறகுதான் அவன் சுத்தமாகிறான். முதலில் சுத்தமாக்கிவிட்டுத் தொடவில்லை. அழுகின உடம்பாக இருக்கும்போதே தொட்டார்.

அதற்கு அடுத்தாற்போலவே இன்னொரு புதுமை, இன்னொரு அற்புதம். பட்டாளத்துத் தலைவனுடைய வேலையாள் எங்கோ வீட்டில் கிடக்கிறான். அவனை இவர் போய்ப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தை சொல்கிறார், அங்கே சுகமாகிறது. அப்படியென்றால் தூரத்திலிருந்தே செய்ய முடியும். தொடவேண்டிய அவசியம் இல்லை. பிறகு ஏன் தொட்டார்?

பெரும்பாடு பட்டவளும் மத்தேயுவில் இருக்கிறாள். கோயிலில் வாசிப்பது இதுதான். நாலே வரி. பின்னால் வந்து தொட்டாள், அவர் திரும்பினார், மகளே தைரியமாயிரு என்றார், சுகமானாள். அவ்வளவுதான்.

அக்டோபர் 21, திங்கள்

அவ்வளவுதான் இல்லை.

இன்று மாற்குவும் லூக்காசும் வாசித்தேன். வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். திரும்பத் திறந்து சரிதானா என்று பார்த்தேன். சரிதான்.

அவள் தொட்டவுடனே இரத்தம் நின்றுவிட்டது. காரியம் முடிந்தது. அவள் பேசாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் அவர் நின்றுவிட்டார். "என்னைத் தொட்டது யார்" என்று கேட்டார். அத்தனை கூட்டத்துக்கு நடுவில். சீடர்கள்கூட, ஊரே நெருக்குகிறதே, இதென்ன கேள்வி என்கிறார்கள். அவர் விடவில்லை. சுற்றிலும் பார்த்துக்கொண்டே நிற்கிறார். அவள் நடுங்கிக்கொண்டு வந்து விழுந்து, எல்லாருக்கும் முன்னால் எல்லாவற்றையும் சொல்கிறாள்.

எல்லாவற்றையும் என்றால் எதை? எங்கே இரத்தம், எத்தனை வருஷம், இன்றைக்கு என்ன துணி கட்டியிருக்கிறேன் — இதையா? ஆண்பிள்ளைகள் நிற்கிற இடத்திலா?

ஏன் கேட்டார். அவருக்கா தெரியாது. தெரிந்துகொண்டே ஒரு பெண்ணை இப்படி நிறுத்துவாரா? எனக்கு அவர்மேல் கோபம் வந்துவிட்டது. சேசுநாதர்மேல் கோபப்படுவது என்ன பாவம் என்று தெரியவில்லை. நானாக இருந்தால் செத்தே போயிருப்பேன். கடையில் உப்புக் கேட்கவே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

மத்தேயு நல்லவர். மறைத்துவிட்டார்.

அக்டோபர் 22

அம்மா அடுப்படியில் விழுந்துவிட்டாள். தலை அம்மியில் படாமல் பிழைத்தது. நான் தூக்கும்போது கனமே இல்லை.

அக்டோபர் 24, வியாழன்

அப்பா பெயர் சவரியப்பன். ஊரில் அவரைச் "சத்தமில்லாச் சவரி" என்பார்கள். இன்று காலை கஞ்சி குடித்துக்கொண்டே கேட்டார்.

"ஒங்கம்மாளுக்கும் இன்னாசிக்கும் என்ன சண்ட? கோயிலுக்கே போகாத அளவுக்கு? பாஸ்குக் கடன் தீக்கலையேன்னு உபதேசியாரு எங்கிட்டக் கேக்குறாரு. இன்னாசி, மதலைக்கு எம்மேல கோவம்னு ஊர் பூராச் சொல்லிக்கிட்டுத் திரியிறா."

இன்னாசியம்மாள் அப்பாவின் பெரியப்பா மகள். எனக்கு அத்தை. கோயிலில் மணியடித்துப் பீடம் கவனிக்கிற கோயில்பிள்ளையின் சம்சாரம். இரண்டு வருஷம் முன்னால் பெண்கள் பக்கம் முன்வரிசையில் யார் உட்காருவது என்று அம்மாவுக்கும் அவருக்கும் ஒரு வார்த்தை தடித்தது உண்மை. அதைத்தான் அம்மா மனதில் வைத்திருக்கிறாள் என்று ஊர் நினைக்கிறது. சாகிற உடம்போடு கிடப்பவளை ரோஷக்காரி என்கிறார்கள்.

"சொல்லு தாயி" என்றார் அப்பா. வாயைத் திறந்தேன். செபமாலை நினைவு வந்தது. "தெரியலப்பா" என்றேன்.

அவர் கையைக் கழுவிவிட்டுப் போய்விட்டார்.

அக்டோபர் 26, சனி

எழுத்து கோணலாக வருகிறது.

சாயங்காலம் அங்கியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சிவப்புப் போர்வை மேலே வரும், ஓரம் மடிப்பில் மறைந்துவிடும் என்று நம்பினேன். பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். ஆண்பிள்ளைகள் தேருக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பூத் தொடுத்தார்கள். இன்னாசியம்மாள் அத்தை ஏணிமேல் நின்று சுரூபத்துக்கு உடுத்தினார். கீழ் ஓரத்தை இழுத்துவிடக் குனிந்தவர் அப்படியே நின்றார்.

"இது என்ன கறை?"

பூத் தொடுத்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

ஓரத்தைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். "கேக்குறேன்ல. இதத் தொட்டது யாரு?"

அதே கேள்வி. சத்தியமாக அதே வார்த்தை.

"ஏண்டி அருளாயி, ஒன்னையத்தான். ஒங்கம்மா துவைச்ச காலத்துல ஒரு தூசி இருக்குமா இதுல? தலைக்கு ஒசந்தவ ஆயிட்ட, எந்த நாள்ல துணியத் தொடணும், எந்த நாள்ல தொடக்கூடாதுன்னு தெரியாது? சேசுநாதரு அங்கியிலயாடி?"

தோரணம் கட்டிய ஆண்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். பார்க்காததுபோலப் பார்த்தார்கள்.

என்னுடையது என்று நினைத்துவிட்டார்கள். இல்லை என்று தலையாட்டினால், பிறகு யாருடையது என்று கேட்பார்கள். நான் தலையாட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு திரும்பி நடந்தேன். ஓடினால் சிரிப்பார்கள் என்று நடந்தேன்.

அக்டோபர் 27, ஞாயிறு. கிறிஸ்துராசா திருநாள்

பூசைக்குப் போய்க் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றேன். யூதர்கள் ஒரு மெசியாவுக்காகக் காத்திருந்தார்கள், வாளோடும் சேனையோடும் வருகிற ராசா என்று நினைத்தார்கள், அதனால்தான் வந்தவரை அடையாளம் தெரியவில்லை என்று சாமியார் பிரசங்கம் வைத்தார். மெசியா வருகிறார் என்று முன்னறிவித்து, பிறகு சிறையில் கிடந்த ஸ்நாபக அருளப்பருக்கே ஒரு கட்டத்தில் கேட்கவேண்டியிருந்ததாம், வரவேண்டியவர் நீர்தானா, இன்னும் காத்திருக்கவா என்று. சேசுநாதர் ஆமாம் என்று சொல்லவில்லையாம். குருடர் பார்க்கிறார்கள், முடவர் நடக்கிறார்கள், குஷ்டரோகிகள் சுத்தமாகிறார்கள், கண்டதைப் போய்ச் சொல்லுங்கள் என்றாராம்.

வீட்டுக்கு வந்து அந்த இடத்தைத் தேடி வாசித்தேன். அந்த வரிசையில் பெரும்பாடு பட்டவள் இல்லை. சொல்லக் கூச்சப்பட்டார்களோ?

சாயங்காலம் தேர் எங்கள் தெரு வழியாக வந்தது. கறை இருந்த இடத்தில் அத்தை ஒரு கொத்துச் செவ்வந்தியைக் குத்தி மறைத்திருந்தார். அம்மா கதவு இடுக்கில் நின்று பார்த்தாள். வெளியே வரவில்லை. தேர் தாண்டும்போது கதவின் நாதாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இடுக்கு வழியாக அவள் முகத்தில் ஒரு கோடு வெளிச்சம்.

பூ வைத்து மறைத்த இடத்தைத்தான் அவள் பார்த்தாள். வேறெதையும் பார்க்கவில்லை.

அக்டோபர் 30, புதன்

துணி அலசும்போது தோன்றியது. தோன்றியதும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். துணி தண்ணீரோடு கொஞ்ச தூரம் போய்விட்டது.

தீட்டு எப்படிப் போகும்? தொட்டவரிடமிருந்து தொடப்பட்டவருக்கு. நான் அம்மாவின் துணியைத் தொட்டால் எனக்கு. நான் பீடத்துணியைத் தொட்டால் அதற்கு. அதனால்தான் இரண்டு பானை. ஊரில் எல்லாருக்கும் இந்தக் கணக்குத்தான். மூக்காயி அக்கா வீட்டிலும் இதே. அந்தக் காலத்து யூதர்களுக்கும் இதேதான் இருந்திருக்கிறது.

அவரிடம் மட்டும் அது திரும்பிப் போயிருக்கிறது. அவள் தொட்டாள். அவருக்குத் தீட்டு ஏறவில்லை. அவரிடம் இருந்தது அவள்மேல் ஏறியது. குஷ்டரோகியிடமும் அதுதான். அதே கதையில் செத்துக் கிடந்த சிறுமியின் கையை அவர் பிடித்தபோதும் அதுதான். பிணத்தைத் தொட்டால் வரவேண்டிய தீட்டு வரவில்லை, அவள் எழுந்து நடந்தாள்.

மெசியா என்றால் அபிஷேகம் பெற்றவர் என்று ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்தேன். பரீட்சையில் எழுதினேன். முதல் பரிசும் வாங்கினேன். ஒன்றுமே தெரியாமல் எழுதியிருக்கிறேன். வேறு எவரைத் தொட்டாலும் அழுக்கு அவருக்குப் போகும். இவரைத் தொட்டால் சுத்தம் இங்கே வரும். அப்படி ஒருவர்தான் உண்டு. அவர்தான் வரவேண்டியவர்.

அப்படியென்றால் அம்மாவை வெளியே நிறுத்தியது யார்? அவரில்லை. நாங்கள்.

இன்னொன்றும். அவர் கேட்காமல் விட்டிருந்தால் அவள் சுகத்தோடு வீட்டுக்குப் போயிருப்பாள். மறுநாளும் ஊர் அவளைக் கண்டு விலகியிருக்கும், அவர்களுக்குத் தெரியாதே. பயந்து பயந்து முந்தானையை இழுத்துக்கொண்டே வாழ்ந்திருப்பாள். அவள் சொல்லி முடித்தபிறகு ஊருக்கு முன்னால் "மகளே" என்றாரே — நாலு சுவிசேஷத்தையும் புரட்டினேன். வேறு எந்தப் பெண்ணையும் அப்படிக் கூப்பிட்டதாக என் கண்ணில் படவில்லை.

அவமானப்படுத்தவில்லையோ?

நவம்பர் 2, சனி. ஆத்துமாக்கள் திருநாள்

கல்லறைக்கு மெழுகுதிரி எடுத்துவைத்தேன். அம்மா பாயில் படுத்தபடியே சொன்னாள், "வார வருசம் ஒண்ணு கூட எடுத்து வச்சுக்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. யாருக்கு என்று கேட்டேன்.

நவம்பர் 9

இன்று மூன்று முறை துணி மாற்றினேன்.

நவம்பர் 16, சனி

நாளைக்கு அந்தச் சுவிசேஷம்தான். போன வருஷக் கோயில் பஞ்சாங்கத்தை வைத்து எண்ணிப் பார்த்தேன். அம்மாவுக்கும் தெரியும். "நாளைக்கு அவளப் பத்தி வாசிப்பாங்க. நல்லாக் கேட்டுட்டு வந்து சொல்லு" என்றாள். மூச்சு விட்டு மூச்சு விட்டுச் சொன்னாள்.

நவம்பர் 17, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

நான் சொன்னேனா? இப்போதும் நம்ப முடியவில்லை. பஸ் ரோட்டுச் சத்திரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கனவு என்று நினைத்துவிடுவேன்.

பூசை முடிந்து எல்லாரும் கோயில் முன்னால் வேப்பமரத்தடியில் நின்றார்கள். பூசையில் அந்தச் சுவிசேஷம்தான் வாசித்தார்கள். நாலே வரி. மத்தேயு. கேள்வி இல்லாத சுவிசேஷம்.

இன்னாசியம்மாள் அத்தை பெண்களோடு நின்றவர் என்னைப் பார்த்துவிட்டார். "மகாராணி இன்னிக்கும் வரலையாக்கும்? அந்த முன்வரிசைய நாந் தூக்கிக்கிட்டா போயிட்டேன்? வந்து ஒக்காரச் சொல்லு. கரித்துணி போட்டுத் தொடச்சு வைக்கிறேன்."

பெண்கள் சிரித்தார்கள்.

"இவளாவது ஒழுங்கா இருக்காளா? சேசுநாதரு அங்கியக் கறையாக்குனவ."

"அது எங்கம்மா கறை" என்றேன்.

யார் பேசினது என்று நானே திரும்பிப் பார்க்கப் போனேன்.

"என்னது?"

"எங்கம்மாதான் தொட்டுச்சு. அத இடுப்புல சுத்திக்கிட்டுப் படுத்துச்சு. போன வருசம் ஆடியிலேர்ந்து ரத்தம் நிக்கல அத்தை. அதான் கோயிலுக்கு வரல. ஒங்க மேல கோவம் இல்ல. கோயில் தீட்டாயிரும்னு வரல. நேத்து நாலு துணி. எங்கம்மா செத்துப்போயிரும் அத்தை."

ஆண்கள் பக்கம் அப்பா நின்றார். எல்லாம் கேட்டிருந்தது. எல்லாருக்கும் கேட்டிருந்தது. அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை ஒரு தரம் துடைத்துக்கொண்டு வண்டியிருக்கும் பக்கம் நடந்தார். பிறகு ஓடினார். அப்பா ஓடி நான் பார்த்ததில்லை.

அத்தை வேப்பமர வேரில் உட்கார்ந்துவிட்டார். "நான் மூணு வாரமா ஒன்னைய ஊர் பூராப் பேசிட்டு வாரேனேடி. ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன?"

"வாய் வரல அத்தை."

"வாய் வரல" என்று அவரும் சொன்னார். எழுந்து எனக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு நடந்தார்.

அம்மா என்னைப் பார்த்தாள், பின்னால் அத்தையைப் பார்த்தாள். "சொல்லிட்டியா" என்றாள். அவ்வளவுதான். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "செபமாலையத் தொட்டுச் சத்தியம் பண்ணுனியேடி."

"சத்தியத்த நாம் பாத்துக்கிறேன். எந்திரி மதலை" என்று அத்தை குனிந்தார்.

அம்மா பாயிலேயே பின்னுக்கு நகர்ந்தாள். "தொடாத இன்னாசி. நன்மை வாங்கிட்டு வந்திருக்க. தொடாத."

அத்தை ஒரு கணம் நின்றார். வெள்ளைச் சேலை, பூசைச் சேலை. குனிந்த கை அப்படியே நின்றது.

"நன்மை வாங்குன ஒடம்புதான்" என்றார். "நல்லதாப் போச்சு. புடி என்னைய."

இரண்டு கையையும் அம்மாவின் அக்குளில் கொடுத்துத் தூக்கினார். அம்மாவின் சேலையில் இருந்தது அத்தையின் வெள்ளைச் சேலையில் ஒட்டியது. நான் பார்த்தேன். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

வண்டியில் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தார். "எம்மேல கோவம்னே நெனச்சேன். கோவமா இருந்திருந்தாக்கூட நல்லாருந்துருக்கும்டி."

பஸ் வருகிறது.

நவம்பர் 18, திங்கள். திருச்சி

கன்னியர் நடத்துகிற பெண்கள் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா அம்மாவைப் பார்த்துவிட்டு வந்து, கர்ப்பப்பையில் தேங்காய் அளவு கட்டி, அறுத்து எடுக்கவேண்டும் என்றார். அறுக்க உடம்பில் இரத்தம் இல்லை, முதலில் இரத்தம் ஏற்றவேண்டும். "இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்" என்று கேட்டார். என்ன செய்தோம். துவைத்தோம்.

அப்பாவின் இரத்தமும் என்னுடையதும் சேரவில்லை. அத்தையுடையது சேர்ந்தது.

கண்ணாடிப் புட்டியில் தொங்கவிட்டு, குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக அம்மாவின் கைக்குள் விட்டார்கள். நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பதினாறு மாதமாக இரத்தம் வெளியே வருவதைத்தான் பார்த்திருக்கிறேன். உள்ளே போவதை இன்றுதான் பார்க்கிறேன்.

நவம்பர் 20, புதன்

காலையில் அறுத்தார்கள். அம்மா இன்னும் கண் விழிக்கவில்லை.

மாற்குவில் ஒன்று வாசித்தேன். அவள் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தபோது செத்து எழுந்த அந்தச் சிறுமியின் தகப்பன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வீட்டில் மகள் சாகிறாள், இவர் இங்கே ஒருத்தியின் கதையைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாரே என்று துடித்திருப்பார். அந்த நேரத்தில் அவருடைய மகள் செத்தும்போனாள். பயப்படாதே என்று மட்டும் சேசுநாதர் சொன்னாராம். தகப்பன் பேசாமல் கூட நடந்தாராம்.

அப்பா வராந்தாவில் நடக்கிறார். அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும்.

நவம்பர் 21

அம்மா தண்ணீர் கேட்டாள்.

நவம்பர் 26, செவ்வாய்

அம்மாவும் அத்தையும் இன்று ஆஸ்பத்திரியில் முதல் சண்டையைப் போட்டார்கள். ஆரஞ்சுச் சுளையை உரித்துக் கொடுக்கும் விஷயம். "இனிமே நீ எம்மேல ரோசப்பட முடியாது மதலை. ஒன் ஒடம்புல ஓடுற பாதி என்னுது" என்றார் அத்தை. "அதான் வாய் ஓயாமப் பேச வருது எனக்கு" என்றாள் அம்மா. பக்கத்துக் கட்டில்காரி சிரித்துச் சிரித்துத் தையல் வலிக்கிறது என்றாள்.

அம்மாவின் நகத்தைப் பார்த்தேன். கொஞ்சம் சிவப்பு.

டிசம்பர் 14, சனி

ஊருக்கு வந்துவிட்டோம். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். செபமாலையைத் தொட்டுச் செய்த சத்தியத்தை மீறினேன், சேசுநாதர்மேல் கோபப்பட்டேன் என்று இரண்டையும் சொன்னேன். பரிகாரமாக, மாதாவை நோக்கிச் சொல்லும் பிரியதத்த மந்திரம் மூன்று சொல்லச் சொன்னார். பிறகு, "அந்தப் புத்தகத்தை வாசிப்பதை விடாதே" என்றார்.

எந்தப் பாவத்துக்கு அந்த மூன்று என்று கேட்க நாக்கு வரவில்லை.

1958 பிப்ரவரி 2, ஞாயிறு

அம்மா கோயிலுக்கு வந்தாள். படியில் நின்றுவிட்டாள். பழக்கம். அத்தை முன்வரிசையிலிருந்து திரும்பிப் பார்த்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

அங்கிதான் புதுமை செய்தது என்று ஊரில் பேச்சு. இரண்டு பேர் வந்து, கறை பட்ட ஓரத்தில் ஒரு நூல் கிடைக்குமா என்று அம்மாவிடம் கேட்டார்களாம். எனக்குத் திகைப்பாக இருக்கிறது. அங்கியைத் தொட்டதோடு இரத்தம் நின்றுவிடவில்லையே. டாக்டரம்மா அல்லவா அறுத்தார். ஆனால் அம்மா தொட்டிருக்காவிட்டால் கறை இல்லை. கறை இல்லாவிட்டால் கேள்வி இல்லை. கேள்வி இல்லாவிட்டால் நான் பேசியிருக்கமாட்டேன்.

நான் பேசினேன் என்பதுதான் எனக்கு இன்னும் நம்ப முடியாத புதுமை. அதை யாரும் சொல்வதில்லை.

1958 ஜூன் 11

மழை. தொழுவத்துக்குப் பின்னால் கிடந்த பானையில் மூக்காயி அக்கா வீட்டுக் கோழி முட்டையிட்டிருக்கிறது.

1958 அக்டோபர் 13, திங்கள்

திருநாள் வருகிறது. அத்தை துணி மூட்டையைக் கொண்டுவந்து வைத்தார். "அந்தக் கறை லேசா இன்னும் தெரியுது. எலுமிச்சம்பழம் கொண்டாரட்டா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அம்மா கஞ்சி காய்ச்சினாள். நான் அங்கியைப் பானையில் போட்டு அலசினேன். ஓரம் வந்தபோது அந்த இடத்தை மட்டும் தேய்க்காமல் விட்டுவிட்டு, பிழிந்து, ஒரு முனையை அம்மாவின் கையில் கொடுத்தேன்.